கப்பலில் அட்லாண்டிக்கைக் கடந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

2025 மார்ச் 1: கேள்வி

லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு விமானத்தில் எட்டு மணி நேரம். அதையே ஏழு நாள் கப்பலில் போகிறார்களாம், பணமும் விமானத்தைவிட அதிகமாம். செலவழிக்க வழி தெரியாத கிழவர்கள் போகிற சமாச்சாரம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. போய்வந்தவர் இருந்தால் சொல்லுங்கள். போரடிக்காதா? வாந்தி வராதா? சைவச் சாப்பாடு கிடைக்குமா?

மார்ச் 1, இரவு 11.20

போயிருக்கிறேன். போன செப்டம்பர், சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க், குயின் மேரி 2, ஏழு இரவு. போரடிக்கவில்லை. வாந்தி வந்தது, எனக்கு. கூட வந்த 77 வயது அம்மாவுக்கு வரவில்லை. சைவம் கிடைத்தது. கிழவர்கள் என்பது முக்கால்வாசி சரி. மீதியை நாளைக்கு எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

மார்ச் 2

ஏன் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னைப் பெரிய பணக்காரன் என்று நினைத்துவிடுவீர்கள்.

அம்மா லண்டனில் அக்கா வீட்டில் இருந்தார். ஆகஸ்டில் ஒரு நாள் காலையில், வலது கண்ணில் யாரோ திரையை இழுத்துவிட்ட மாதிரி இருக்கிறது என்றிருக்கிறார். விழித்திரை விலகல். மறுநாளே ஆபரேஷன். விழித்திரை ஒட்டிப் பிடிக்கும்வரை அதை அழுத்திப் பிடித்திருக்க, கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழை நிரப்பிவிடுகிறார்கள். அது தானாகக் கரைய, எந்த வாயு என்பதைப் பொறுத்து, இரண்டு மூன்று வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். அம்மாவுக்கு வைத்தது நீண்ட நாள் நிற்கும் வகை. குமிழ் இருக்கும்வரை விமானம் ஏறவே கூடாது. மேலே போகப் போக விமானத்துக்குள் காற்றழுத்தம் குறையும், குமிழ் விரியும், கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வையே போய்விடலாம். மறந்துவிடக் கூடாது என்று கையில் ஒரு பட்டை வேறு கட்டி அனுப்பியிருந்தார்கள்.

இங்கே நியூஜெர்சியில் என் மகளுக்கு செப்டம்பர் கடைசியில் வளைகாப்பு. "நான் இல்லாம வளையல் அடுக்கிடுவீங்களா?" என்று போனில் கேட்டார் அம்மா, அழாமல்தான் கேட்டார், அதுதான் தாங்கவில்லை. கப்பலில் போகலாமா என்று அக்கா டாக்டரிடம் கேட்டாள். கடல் மட்டத்தைவிட்டு மேலே ஏறாத எதில் வேண்டுமானாலும் போகட்டும் என்று சொல்லிச் சிரித்தாராம். நான் லண்டனுக்குப் பறந்துபோய், அம்மாவைக் கூட்டிக்கொண்டு கப்பலில் திரும்பினேன். செலவு? அம்மாவுக்கும் எனக்கும் சேர்த்து, இரண்டு ஒருவழி விமான டிக்கெட்டைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு ஆனது. ஏழு நாள் தங்குவதும் சாப்பாடும் அதில் அடக்கம் என்று என் மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

மார்ச் 3

மேலே ஒருவர் "நானும் குரூஸ் போயிருக்கிறேன், நீச்சல் குளமும் பஃபேயும்தானே" என்கிறார். இது குரூஸ் இல்லை சார். குரூஸ் கப்பல் தீவு தீவாக நின்று நின்று சுற்றிக் காட்டிவிட்டுக் கிளம்பின இடத்துக்கே கொண்டுவந்து விடும். லைனர் என்பது ரயில் மாதிரி. ஒரு துறைமுகத்தில் ஏறினால் கடலுக்கு அந்தப் பக்கம் உள்ள துறைமுகத்தில் இறங்க வேண்டியதுதான், நடுவில் ஸ்டேஷன் கிடையாது. வானிலை கெட்டாலும் தேதிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று கட்டப்பட்டது. அதனால் முன்பக்கம் நீண்டு கூர்மையாக இருக்கும், எஃகுத் தகடு தடிமன். உயிர்காப்புப் படகுகளைத் தண்ணீரிலிருந்து தூக்கி உயரத்தில் கட்டியிருப்பார்கள். கீழ்த்தளங்களில் இருக்கும் பால்கனிகள்கூட வெளியே நீட்டிக்கொண்டு இருக்காது, கப்பல் உடம்பிலேயே துளை போட்ட மாதிரி உள்வாங்கி இருக்கும்.

குயின் மேரி 2-ஐப் பிரான்சில் சான் நசேரில் கட்டினார்கள், வடிவமைத்தவர் ஸ்டீபன் பெயின் என்ற ஆங்கிலேயர். 2004 ஜனவரியில் முதல் பயணம். நீளம் 345 மீட்டர். முன்தளத்தில் பெரிய பெரிய உலோக இதழ்கள் படுத்திருக்கின்றன, நான் ஏதோ நவீன சிற்பம் என்று நினைத்துப் படமெல்லாம் எடுத்தேன், பக்கத்தில் நின்றவர் அவை கப்பலை உந்தும் விசிறிக்கான மாற்றுத் தகடுகள் என்றார். ஸ்டெப்னி!

30 நாட் வேகம் வரை போகக்கூடிய கப்பல், ஆனால் இப்போது 20 சொச்சத்தில்தான் போகிறது. அதாவது மணிக்கு 20 மைல்.

மார்ச் 3, சாயங்காலம்

மைல் இல்லை, கடல் மைல். திருத்தியவருக்கு நன்றி. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், ஆக 20 நாட் என்பது மணிக்கு 37 கிலோமீட்டர். நாகப்பட்டினம் போகிற டவுன் பஸ் வேகம். அந்த வேகத்தில் ஒரு சமுத்திரத்தைக் கடப்பது என்பதை யோசித்துப் பாருங்கள், ஆனால் டவுன் பஸ் ராத்திரியில் நின்றுவிடும், இது நிற்பதில்லை. முதலில் ஆறு இரவாக இருந்த பயணத்தை ஏழு ஆக்கியிருக்கிறார்கள். எண்ணெய் மிச்சம், பயணிக்கும் ஒரு நாள் கூடுதல் சொகுசு என்று விற்கலாம். வேகமாகப் போவதற்காக உலகம் முழுவதும் காசு வாங்குகிறார்கள், மெதுவாகப் போவதற்கும் காசு வாங்க முடியும் என்று கண்டுபிடித்த ஆளைப் பாராட்ட வேண்டும்.

மார்ச் 5

முக்கியமானதை விட்டுவிட்டேன், கடிகாரம். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் ஐந்து மணி நேர வித்தியாசம். விமானத்தில் அந்த ஐந்து மணியும் மொத்தமாக மண்டையில் வந்து விழும். கப்பலில் மேற்கே போகும்போது ஐந்து இரவுகளில், இரவுக்கு ஒரு மணியாக, கடிகாரத்தைப் பின்னால் தள்ளுகிறார்கள். அதாவது அந்த ஐந்து நாளும் ஒவ்வொன்றும் 25 மணி நேரம். இதை அம்மாவிடம் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப எனக்கு வயசு கூடுதா குறையுதா?" என்றார். இன்னும் பதில் சொல்லவில்லை.

எனக்கு வந்த தலைவலி வேறு. அம்மாவுக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை கண் சொட்டு மருந்து விட வேண்டும். தினமும் நேரம் நழுவினால் எதை வைத்து எண்ணுவது? முதல் இரண்டு நாள் காகிதத்தில் கணக்குப் போட்டேன், மூன்றாம் நாள் கப்பல் கணக்கு, லண்டன் கணக்கு, என் கணக்கு மூன்றும் முட்டிக்கொண்டன. கடைசியில் இடது கையில் கப்பல் நேரம், வலது கையில் லண்டன் நேரம் என்று இரண்டு வாட்ச் கட்டிக்கொண்டேன். சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்த வெள்ளைக்காரர் என் கைகளைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் கேட்க மாட்டார்கள். நம் ஊர்க்காரர் என்றால் சூப் வருவதற்குள் அம்மாவின் கண்வரை வந்திருப்பார்.

மார்ச் 6

திருத்தம்: ஐந்து மணி நேரம் என்பது எப்போதும் சரியில்லை. இங்கிலாந்தில் கோடை நேரம் அக்டோபர் கடைசி ஞாயிறில் முடிகிறது, அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறில். அந்த இடைவெளியில் நான்குதான். மார்ச்சிலும் இப்படி ஒரு சில வாரம் உண்டு. கிழக்கே போகிறவர்களுக்கு எல்லாம் தலைகீழ், நாள் 23 மணி நேரம்தான். அதுவும் ராத்திரியில் இல்லை, மதியம் 12 மணி அடித்ததும் 1 மணி என்று அறிவிப்பு வருமாம். போகிற வழியில் மதியத்தைத் திருடிக்கொள்கிறார்கள். அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் நான் விமானத்தில் போய்விடுவேன்.

மார்ச் 8

வாந்தி பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சொல்கிறேன், சாப்பிட்டுக்கொண்டே படிக்காதீர்கள்.

முதல் இரண்டு நாள் குளத்தில் போகிற மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் மேல்தளத்துக்குப் போகிற கதவுகளில் பலத்த காற்று, திறக்காதீர்கள் என்று பலகை மாட்டினார்கள். அன்றைக்கு ராத்திரி அலமாரியில் ஹேங்கர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு தாளம் போட ஆரம்பித்தன. கப்பலின் இரண்டு பக்கமும் தண்ணீருக்கடியில் துடுப்பு மாதிரி நிலைநிறுத்திகள் உண்டு. அவை இடது வலது ஆட்டத்தைப் பெரும்பாலும் அடக்கிவிடும். ஆனால் முன்பக்கம் தூக்கி, பின்பக்கம் இறங்கி, அப்புறம் மாறி, சீசா மாதிரி ஆடுகிற ஆட்டத்துக்கு அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் அறை எடுத்தால் அது குறையும். எங்கள் அறை முன்பக்கம். பதிவு செய்தபோது "முன்பக்கம்தானே, காட்சி நன்றாக இருக்கும்" என்று தேர்ந்தெடுத்த புத்திசாலி நான்தான்.

இரவு முழுக்கக் குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். கதவைத் திறந்து வைத்திருந்ததால் அம்மா தெரிந்தார். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, லண்டன் ஈஸ்ட் ஹாம் கடையில் வாங்கிய இஞ்சி மொரப்பாவைச் சப்பிக்கொண்டிருந்தார். நம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் ஜன்னலாக விற்பார்களே, அதே சரக்கு. "வேணுமாடா?" என்றார். கப்பல்காரர்களும் இதைத்தான் சொல்கிறார்கள், சர்க்கரையில் ஊறிய இஞ்சி, இல்லாவிட்டால் பச்சை ஆப்பிள். மறுநாள் காலையில் இரண்டும் சாப்பிட்டேன். எது வேலை செய்தது என்று தெரியாது, ஒருவேளை கடல்தான் மனமிரங்கியிருக்கும்.

அம்மாவுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? அவர் சொன்ன காரணம் இது. கண்ணுக்குள் குமிழ் சுருங்கச் சுருங்க, பார்வைக்குக் குறுக்கே ஒரு கோடு தெரியுமாம், கொத்தனாரின் மட்டப்பலகையில் நீர் ஆடுமே அந்த மாதிரி. கோட்டுக்கு மேலே தெளிவு, கீழே மங்கல். தலையை ஆட்டினால் கோடும் ஆடும். நாளாக நாளாகக் கோடு கீழே இறங்கும். "வெளிய ஒரு கடல் ஆடுது, என் கண்ணுக்குள்ள ஒண்ணு ஆடுது. ரெண்டும் ஒண்ணா ஆடறதால எனக்குத் தலை சுத்தல. உனக்கு ஒண்ணுதானே, அதான்."

மார்ச் 9

நேற்று எழுதியதைப் படித்த கண் மருத்துவர் ஒருவர் அம்மாவின் விளக்கத்தை மிகவும் ரசித்ததாகவும், அதில் ஒரு துளி மருத்துவமும் இல்லை என்றும் எழுதியிருக்கிறார். வயதாக ஆக உள்காதின் கூர்மை மழுங்கி, பயண நோய் குறைந்துவிடுமாம். கண் அசையவில்லை என்று சொல்ல, காது அசைகிறது என்று சொல்ல, மூளை குழம்புவதுதான் வாந்தி. அம்மாவின் காது சாட்சி சொல்வதை நிறுத்திவிட்டது, அவ்வளவுதான். அம்மாவிடம் இதைச் சொல்லப் போவதில்லை.

மார்ச் 9, கொஞ்சம் கழித்து

சாப்பாடு. முன்கூட்டியே சைவம் என்று எழுதிக்கொடுத்தால் செய்கிறார்கள். சமையலறையில் கோவாக்காரர் ஒருவர் இருந்தார். மூன்றாம் நாளிலிருந்து அம்மாவுக்குத் தனியாகப் பருப்பும் சோறும் வந்தது, வெள்ளி மூடி போட்ட தட்டில். மூடியை ஒரு பரிசாரகர் தூக்க, உள்ளே பருப்பு. மதியம் மூன்றரைக்கு வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு டீ ஊற்றுகிறார்கள், வாத்தியம் வாசிக்கிறார்கள். அம்மா டீயைச் சாஸரில் ஊற்றி ஆற்றினார். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். பக்கத்து மேஜையில் வேல்ஸிலிருந்து வந்த ஒரு பாட்டி, "என் அப்பாவும் இப்படித்தான் குடிப்பார்" என்று அம்மாவிடம் சொல்லி, தானும் ஊற்றினார். அதிலிருந்து இருவரும் தோழிகள். ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது, ஏழு நாளும் பேசினார்கள்.

உடை விஷயத்தில் பயந்தவருக்கு: ஒரு சில இரவுகள் கோட்டு, போ டை எல்லாம் எதிர்பார்ப்பார்கள். அத்தானிடம் கோட்டு கடன் வாங்கிப் போயிருந்தேன், பொத்தான் போட்டால் மூச்சு விட முடியவில்லை. இரண்டாவது முறை பட்டு வேட்டி, முழுக்கைச் சட்டை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். அம்மாவின் காஞ்சிபுரத்துக்கு அந்த உணவறையில் கிடைத்த மரியாதை எங்கள் ஊர்க் கல்யாணத்தில்கூடக் கிடைத்ததில்லை.

மார்ச் 12

"சொகுசு என்கிறீர்களே, அதில் ஏழைக்கு என்ன இடம்" என்று கோபமாகக் கேட்டிருக்கிறார் ஒருவர். நியாயமான கேள்வி. இன்றைக்கும் எந்த அறை என்பதைப் பொறுத்துத்தான் எந்த உணவறை. விலை உயர்ந்த அறைக்காரர்களுக்குத் தனிச் சாப்பாட்டு அறை, தனி உட்காரும் இடம். நாங்கள் பெரிய பொது உணவறையில், அதில்தான் பெரும்பாலோர்.

ஆனால் பழைய கதையைப் பார்த்தால் அட்லாண்டிக் கப்பல்கள் ஓடியதே ஏழைகளால்தான். மேலே சலவைக்கல் மண்டபமும் பியானோவும் படத்துக்கு, கீழே மூன்றாம் வகுப்பில் அடைத்துக்கொண்டு போன குடியேறிகள் வருமானத்துக்கு. நியூயார்க்கில் போய் நின்றதும் முதல் இரண்டு வகுப்புக்காரர்களைக் கப்பலிலேயே பேருக்குச் சோதித்து இறக்கிவிடுவார்கள். மூன்றாம் வகுப்பை மட்டும் படகில் ஏற்றி எல்லிஸ் தீவுக்குக் கொண்டுபோய், கண் இமையைத் திருப்பிப் பார்த்து, கோட்டில் சாக்பீஸால் குறி போட்டு... 1892-லிருந்து 1954 வரை அந்தத் தீவு இயங்கியது. 1924-ல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தை இறுக்கியதும் மூன்றாம் வகுப்பு காலியானது. கம்பெனிகள் என்ன செய்தன தெரியுமா? அதே அறைகளுக்குப் பெயிண்ட் அடித்து, "சுற்றுலா மூன்றாம் வகுப்பு" என்று பெயர் மாற்றி, கோடை விடுமுறைக்கு ஐரோப்பா பார்க்கப் போகிற அமெரிக்க மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் விற்றன.

இன்னொன்று, தபால். 1840 ஜூலை 4-ம் தேதி குனார்டு கம்பெனிக்காக (குயின் மேரி 2-ம் இவர்களுடையதுதான்) கட்டிய முதல் நீராவிக் கப்பலான பிரிட்டானியா லிவர்பூலில் கிளம்பியதே அரசாங்கத் தபாலைச் சுமக்கத்தான், ஆட்கள் இரண்டாம்பட்சம். பாலுக்காக ஒரு பசுமாட்டையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். மாடு எங்கே நின்றது, ஆட்டத்தில் என்ன பாடுபட்டது என்று அன்றைக்குக் குளியலறைத் தரையில் உட்கார்ந்து யோசித்தேன்.

மார்ச் 15

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பிலடெல்பியாவில் ஐகியா கடைக்குப் போயிருப்பவர்களுக்குத் தெரியும், எதிரே ஆற்றில் ஒரு கிழட்டுக் கப்பல், துரு வழிந்து, சிவப்பு நீலப் புகைபோக்கி வெளுத்து நின்றிருந்தது. எஸ்எஸ் யுனைடெட் ஸ்டேட்ஸ். 1996-லிருந்து அங்கேதான் நின்றது. அலமாரி வாங்கப் போகும்போதெல்லாம் மாடியில் உட்கார்ந்து காப்பி குடித்தபடி அதைப் பார்ப்பேன், அது என்ன என்று தெரிந்துகொண்டதே கப்பலில் போய் வந்த பிறகுதான். 1952-ல் தன் முதல் பயணத்தில் அட்லாண்டிக்கை 3 நாள் 10 மணி 40 நிமிடத்தில் கடந்தது, சராசரி 35 நாட்டுக்கு மேல். அதற்கு முன்னால் பழைய குயின் மேரி வைத்திருந்த சாதனையை உடைத்தது. தீப்பிடிக்கக் கூடாது என்று மரமே சேர்க்காமல் கட்டினார் கிப்ஸ் என்ற பொறியாளர். இறைச்சி வெட்டும் கட்டையும் பியானோவும்தான் மரம் என்று சொல்வார்கள்.

அவ்வளவு வேகமும் எதற்கு ஆனது? 1958 அக்டோபரில் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்க ஆரம்பித்தன, முதலில் பிரிட்டனின் காமெட், மூன்று வாரத்தில் பான் ஆமின் போயிங் 707. அதோடு கப்பலின் வேகத்துக்கு வேலை இல்லை. 1969-ல் அதைக் கட்டிப் போட்டார்கள். போன மாதம்தான் ஆற்றிலிருந்து இழுத்துக்கொண்டு தெற்கே போனார்கள், சுத்தம் செய்து ஃபுளோரிடா கடலில் மூழ்கடித்து மீன்களுக்குப் பாறையாக்கப் போகிறார்களாம். கிளம்புகிற அன்று போய்ப் பார்த்தேன். ஆபீசுக்கு லீவு போட்டது மனைவிக்குத் தெரியாது, இதைப் படித்தால் தெரியும்.

மார்ச் 16

நேற்று "3 நாளில் கடந்தது" என்று பெருமையாக எழுதியதையும் மார்ச் 3-ல் "மெதுவாகப் போவதுதான் சொகுசு" என்கிற மாதிரி எழுதியதையும் ஒருவர் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, "அண்ணே, நீங்க எந்தக் கட்சி?" என்கிறார். அவசரம் இல்லாதபோது மெதுவாகப் போகிற கட்சி. மகளின் வளைகாப்புக்கு இரண்டு நாள்தான் இருந்தது என்றால் நானும் வேகக் கட்சிதான்.

மார்ச் 19

ரஜூலா என்ற பழைய கப்பலைப் பற்றி எழுதச் சொன்னார் நாகூர்க்கார நண்பர். அம்மாவுக்கு இது முதல் கப்பல் இல்லை. தாத்தா பினாங்கில் கடை வைத்திருந்தார். 1958-ல், அம்மாவுக்கு 11 வயது, குடும்பத்தோடு ரஜூலாவில் நாகப்பட்டினம் வந்தார்கள். 1926-ல் கட்டிய கப்பல், 1973 வரை மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய் வந்துகொண்டிருந்தது. நம் பக்கத்தில் அந்தக் காலத்துப் பெரியவர்களிடம் பேர் சொன்னாலே முகம் மாறும். டெக் டிக்கெட் என்றால் அறை கிடையாது, தளத்தில் பாய் விரித்து இடம் பிடிக்க வேண்டும். டிரங்குப் பெட்டிகளை வரிசையாக அடுக்கினால் அதுதான் வீட்டுச் சுவர். கருவாட்டுக் குழம்பு வாசனை ஆறு நாளும் தலைமாட்டிலேயே இருந்ததாம். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, ஆழம் போதாது, கடலில் தூரத்தில் நிற்கும். படகு வந்து ஆட்களை இறக்க வேண்டும். அலை படகைத் தூக்குகிற நொடி பார்த்துக் குழந்தைகளைக் கை மாற்றுவார்கள். தன்னை யாரோ ஒருவர் "பிடி" என்று கத்திக்கொண்டு கொடுத்ததும், வேறு யாரோ பிடித்ததும் அம்மாவுக்கு இன்னும் ஞாபகம். இரண்டு பேரின் முகமும் ஞாபகம் இல்லை.

குயின் மேரி 2-ல் ஒரு மாலை, விலை உயர்ந்த அறைக்காரர்களின் பகுதிக்குத் தெரியாமல் போய்விட்டோம், பணியாள் மிக மரியாதையாகத் திருப்பி அனுப்பினார். அம்மா சிரித்துக்கொண்டே வந்தார். "ரஜூலால மேல்தட்டுக்குப் போற ஏணில சங்கிலி போட்டிருப்பான். ஏறினா வைவான். இங்க சிரிச்சுக்கிட்டே சொல்றான், அதுக்குத்தான் இவ்வளவு காசா?"

ரஜூலாவுக்கு அப்புறம் வந்தது சிதம்பரம் என்ற கப்பல், பிரெஞ்சுக்காரர்களிடம் வாங்கியது. 1985-ல் அது தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழியும் முடிந்தது. அதைப் பற்றி இந்த இடத்தில் எழுத மனம் வரவில்லை, தெரிந்தவர்கள் தனி இழையாகப் போடுங்கள்.

மார்ச் 24

டைட்டானிக் கேட்காமல் விட மாட்டீர்கள் என்று தெரியும். நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே போகிற அதே வட்டாரம்தான், சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. பனிமலை பயம் வசந்த காலத்தில்தான் அதிகம், அப்போது பாதையைத் தெற்கே தள்ளிக்கொள்வார்கள். நான் அம்மாவிடம் பேச்சை எடுத்தேன். "கப்பல்ல உட்கார்ந்துக்கிட்டு அந்தப் பேச்சு எதுக்கு?" என்று வாயை அடைத்துவிட்டார்.

அந்தப் பக்கத்தில் எங்களுக்குக் கிடைத்தது மூடுபனி. வடக்கிலிருந்து வரும் குளிர் நீரோட்டமும் தெற்கிலிருந்து வரும் வெந்நீரோட்டமும் சந்திக்கிற இடம். காலையில் எழுந்து பார்த்தால் பால்கனிக்கு வெளியே வெள்ளைத் துணி கட்டிவிட்ட மாதிரி இருந்தது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை சங்கு. ஆமாம், அம்மா அதைச் சங்கு என்றுதான் சொன்னார், ஆலைச் சங்கு மாதிரி. இந்தக் கப்பலின் ஊதல்களில் ஒன்று 1930-களின் பழைய குயின் மேரியில் இருந்தது. அந்தக் கப்பல் இப்போது கலிபோர்னியாவில் லாங் பீச்சில் ஹோட்டலாக நிற்கிறது, ஊதலை மட்டும் கடன் கொடுத்திருக்கிறார்கள். காதில் கேட்பதற்கு முன் விலா எலும்பில் கேட்கும். அன்று முழுக்க அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு சங்குக்கும் ஒரு "முருகா" போட்டார். எத்தனை ஆனது என்று சாயங்காலம் கேட்டேன், 200-க்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன் என்றார்.

மார்ச் 25

"சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே" என்று கேட்டவருக்கு: இல்லை. ஒரு நகரத்தையே, நாடக அரங்கம், கோளரங்கம், நூலகம் எல்லாவற்றோடும் எண்ணெய் எரித்து இழுத்துக்கொண்டு போகிறது. மனசாட்சிக்காகக் கப்பல் ஏறாதீர்கள்.

நாய்க் கூண்டு உண்டு, மொத்தம் 24-தான், வெகு முன்னாலேயே தீர்ந்துவிடுகிறது. பூனைக்கு இரண்டு கூண்டு எடுக்க வேண்டும், ஒன்று இருக்க, ஒன்று மண்தட்டுக்கு. நாய்கள் காலைக்கடன் கழிக்க ஒரு பிரிட்டிஷ் விளக்குக் கம்பமும் நியூயார்க் தீயணைப்புக் குழாயும் நட்டு வைத்திருக்கிறார்கள். எந்த நாட்டு நாயும் மனம் கோணக் கூடாது.

ஏப்ரல் 6

கடைசி நாளைச் சொல்லாமலேயே இழுத்துக்கொண்டிருக்கிறேன். அதிகாலை நான்கரைக்கு எழுப்பினேன். அம்மா புடவை மாற்றி, விபூதி பூசி, ஸ்வெட்டருக்கு மேல் என் கோட்டையும் போட்டுக்கொண்டு மேல்தளத்துக்கு வந்தார். இருட்டில் நூற்றுக்கணக்கான பேர், சிலர் பைஜாமாவோடு, பேச்சே இல்லை. எதிரே நியூயார்க் துறைமுக வாசலில் வெரசானோ பாலம், விளக்கு மாலை போட்ட மாதிரி. இந்தக் கப்பலின் புகைபோக்கியின் உயரமே அந்தப் பாலத்தை வைத்துத்தான் முடிவு செய்யப்பட்டது, அடியில் போகும்போது சில மீட்டர்தான் இடைவெளி. கீழே நின்று பார்த்தால் இடிக்கத்தான் போகிறது என்று தோன்றும். பக்கத்தில் நின்ற வேல்ஸ் பாட்டி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் தலையைக் குனிந்தார்கள், நானும் குனிந்தேன், 60 மீட்டர் உயரக் கப்பலில் நின்றுகொண்டு நான் குனிந்து என்ன ஆகப் போகிறது.

இடிக்கவில்லை. அப்புறம் சுதந்திர தேவி சிலை, பச்சையாக, நான் நினைத்ததைவிடச் சின்னதாக. அம்மா முகத்தை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருந்தார். என்னம்மா என்றேன். கோடு இடுப்புக்குக் கீழே இறங்கிவிட்டதாம், சிலையின் தலையும் தீப்பந்தமும் தெளிவாகத் தெரிகின்றன, பீடம் மட்டும் இன்னும் தண்ணீருக்குள் இருக்கிறதாம்.

புரூக்ளினில் ரெட் ஹூக்கில் இறங்கினோம். பெட்டி எத்தனை என்று யாரும் எண்ணவில்லை, எடை போடவில்லை. லண்டனில் வாங்கிய கண்ணாடி வளையல் எட்டுப் பெட்டியும் ஒன்றுகூட உடையாமல் வந்தது. விமானத்தில் வந்திருக்குமா என்று மனைவியிடம் கேட்டேன். இந்த முறை எடுபட்டது.

ஏப்ரல் 20

அம்மா நவம்பரில் குமிழ் முழுதும் கரைந்தபிறகு விமானத்தில் ஊருக்குப் போய்விட்டார். நேற்று போனில் இந்த இழை முழுவதையும் படித்துக் காட்டினேன், ஒன்றரை மணி நேரம் ஆனது. திருத்தங்கள் சொல்லியிருக்கிறார், அப்படியே போடுகிறேன். ரஜூலாவில் விரித்தது பாய் இல்லை, ஜமுக்காளம், தாத்தா பினாங்கில் வாங்கிய சிவப்புக் கோடு போட்டது. ஆறு நாள் இல்லை, ஐந்து. கருவாட்டுக் குழம்பு பக்கத்துக் குடும்பம் கொண்டுவந்தது, நம் வீட்டில் எலுமிச்சை ஊறுகாய்தான். முருகா 200 இல்லை, 240. காது பற்றி டாக்டர் சொன்னதைப் படிக்காமல் தாண்டினேன், "நடுவுல எதையோ விட்டுட்ட" என்றார்.